அடிக்காமல் விட்ட மைனஸ்

பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப் படிப்பை விட்டவள் நான். ஸ்ரீராம்புரத்தில் பியூட்டி பார்லர் வேலைக்குப் போய்க்கொண்டே, முப்பத்தாறு வயதில் அந்தப் பரீட்சையைப் பிரைவேட்டாக மறுபடி எழுதினேன்.

x² − 4x + 5 = 0 என்ற இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்லியிருந்தார்கள். முதலில் தன்மைகாட்டி, அதாவது b² − 4ac. பதினாறில் இருபது போக மைனஸ் நான்கு. மைனஸ் எண்ணுக்கு மெய்யான வர்க்கமூலம் கிடையாதே! அந்த மைனஸை விட்டுவிட்டால் வர்க்கமூலம் இரண்டு. விடை மூன்று, ஒன்று என்று அழகாக வந்துவிடும். நான்தான் தப்பாகப் போட்டிருப்பேன் என்று மைனஸை அடிக்கப் போனேன். எதற்கும் பார்க்கலாமே என்று x-க்கு மூன்றைப் போட்டேன். பூஜ்ஜியம் வரவில்லை, இரண்டு வந்தது. ‘மெய் மூலங்கள் இல்லை’, அதாவது மெய்யெண்ணில் விடையே கிடையாது, என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

வெளியே வந்ததும், கூட எழுதிய ரேஷ்மா கேட்டாள்.

“அக்கா, எனக்கு மூணு, ஒண்ணு. உனக்கு?”

“மூலமே இல்லம்மா.”

“ஹௌதா, அப்படியா? எல்லாரும் மூணு, ஒண்ணுதானே சொல்றாங்க!”

“சொல்லட்டும். மூணைப் போட்டுப் பாரு, ரெண்டுதான் வரும்.”

உள்ளங்கையில் எழுதிப் பார்த்தவள், “அய்யோ, ஆமாக்கா!” என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு இருவருமே பாஸானோம். பார்லரில் கேக் வெட்டினார்கள். ஆனால் என் கணக்கை நானே நம்பியதுதான் எனக்கு முதல் வெற்றி.