பூட்டிய ஷூ ஃபேக்டரியில் ஒரு டெலிஃபோன்

தோலும் ஷூ ஒட்டுகிற பசையும் கலந்த அந்த வாசனை... ஃபேக்டரியைப் பூட்டிய பிறகும் செங்கல் சுவர்களை விட்டுப் போகவே இல்லை.

திருவனந்தபுரத்தில் அந்த ஷூ ஃபேக்டரியில் நான் டெலிஃபோன் ஆப்பரேட்டர். கரமனையிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். வரிசையாக நீள நீளமான செங்கல் கட்டடங்கள். ஒன்றில் தோல் வெட்டுவார்கள், அடுத்ததில் தைப்பார்கள், கடைசியில் அடிப்பாகம் ஒட்டிப் பெட்டியில் போடுவார்கள். தையல் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி என் குரலே மாறிப்போயிருந்தது.

பிறகு நஷ்டம், ஸ்டிரைக், லாக்கவுட்.

எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். கோர்ட் கேஸ் முடியும்வரை ஃபோன் எடுக்க ஆள் வேண்டுமென்று என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கேட்டில் ஒரு செக்யூரிட்டி. உள்ளே நான்.

அதிர்ஷ்டம் என்றார்கள் வீட்டில். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் அந்தச் சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்கும்... தண்ணீர் பிடிக்கப் போகும்போது தையல் ஹால் பக்கம் திரும்பாமல் நடப்பேன்.

ஃபோனும் அநேகமாக வராது. தங்கம் அக்கா மட்டும் கூப்பிடுவார். தையலில் இருந்தவர், பாறசாலைப் பக்கம் வீடு. வாரம் ஒரு தடவை பூத்திலிருந்து.

"மக்ளே, எப்பம் தொறப்பாவளாம்?"

"தெரியலைக்கா. கேஸ் நடந்துண்டிருக்கு."

அப்புறம் சாப்பிட்டியா, அங்கே மழை உண்டா என்று இரண்டு வார்த்தை.

மெஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இனியும் அக்காவைக் காத்திருக்க வைப்பது பாவம் என்று தோன்றியது. அடுத்த முறை கூப்பிட்டபோது சொல்லிவிட்டேன்.

"அக்கா... இனி தொறக்க மாட்டா. மெஷினெல்லாம் போயாச்சு. நீங்க வேற வேலை பாத்துக்கோங்கோ."



"அது பூட்டின அன்னைக்கே எனக்குத் தெரியும் மக்ளே. நான் இஞ்ச முந்திரி ஆபீஸ்ல கொட்டை உடைக்குற வேலைக்குப் போயாச்சு. நீ அவ்வளவு பெரிய கெட்டிடத்துல ஒத்தைக்கு இருக்கியேன்னுதான் விளிக்கேன்... கேட்டியா?"

நான் அழுது முடிக்கும்வரை அவர் ஃபோனை வைக்கவில்லை.

கொஞ்ச நாளில் லைனையும் துண்டித்துவிட்டார்கள். எனக்குத் தம்பானூரில் வேறு வேலை கிடைத்தது. தங்கம் அக்கா வீட்டில் ஃபோன் கிடையாது. விலாசம் கேட்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது அந்தச் செங்கல்லை அப்படியே விட்டு, உள்ளே கண்ணாடி போட்டு ஆபீஸ்களும் ஒரு காபிக்கடையும் வைத்திருக்கிறார்கள். போன வாரம் போயிருந்தேன். நல்ல கூட்டம். நான் மட்டும் ஒரு மேஜையில்.

"நான் இங்கதான் வேலை பார்த்தேன்" என்றேன், பக்கத்து மேஜைப் பெண்ணிடம்.

"சத்யமாணோ ஆன்டி?" என்று அழகாகச் சிரித்தாள். பிறகு இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு லேப்டாப்புக்குத் திரும்பிவிட்டாள். அவளுக்கு என்ன வேலையோ...

அவளிடம் சொல்ல வாயெடுத்ததைத்தான் இங்கே உங்களுக்கு எழுதியிருக்கிறேன்.