கட்டிலுக்கு அடியில் ஒளித்த மோட்டார்

பிள்ளைகளா, இதை உங்கள் ரெண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். பத்திரிகையில் வந்தால் மற்றவர்களும் படிக்கட்டும், தப்பில்லை.

நாலு வருஷம் முந்தி, ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த வாரம். புதுச்சேரியில் கருவடிக்குப்பம் பக்கம், நாம் இப்போதும் குடியிருக்கிற இதே தெருவில் நடந்தது. பெரியவள் ஆறாவது, சின்னவன் ஒன்றாவது. பக்கத்து வீட்டுப் பாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அது ஏன் என்று தெருவில் யாராவது அரைகுறையாகச் சொல்லியிருப்பார்கள். முழுசாக நான்தான் சொல்ல வேண்டும்.

நம் வீடு தெருக்கோடிக்கு ஒரு வீடு முந்தி. கடைசி வீடு அவர்களுடையது. அந்த வீட்டுக்காரர் மெத்தை தலகாணி தைக்கிறவர், நான் பாய் என்று கூப்பிடுவேன். அவர் மனைவி எனக்குத் தங்கச்சி மாதிரி. அவர்களுக்கு ஒரே பெண், அப்போது அஞ்சு வயசு. உங்களோடுதான் நாள் முழுக்க விளையாடும்.

தெருக்கோடி என்றால் தண்ணியும் கடைசியாகத்தான் வரும். காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். முன்வீடுகள் எல்லாம் குழாயில் நேரே மோட்டார் மாட்டி இழுத்துக்கொண்டால், நமக்கு நூல் மாதிரி வரும். அப்படி மாட்டக் கூடாது என்று சட்டம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எல்லோரும் மாட்டியிருந்தார்கள். கம்பெனியில் ஷிப்டு முடிந்து வந்து குடத்தோடு நிற்க என்னால் முடியவில்லை. நானும் பழைய அரை எச்.பி. மோட்டார் ஒன்று வாங்கி, குளியலறைக்குள் வைத்து, தண்ணீர் டிரம்மால் மறைத்துவிட்டேன். அன்றிலிருந்து நம் தொட்டி நிரம்பியது. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ அது. குடிக்க கேன் தண்ணி.

பாய் வீட்டில் மோட்டாரும் இல்லை, கேனும் இல்லை. குழாயில் பிடிப்பதைத்தான் அவர்கள் குடித்தார்கள். அதனால் தண்ணி நிற்பதற்குப் பத்து நிமிஷம் முன்னாடியே நான் மோட்டாரை நிறுத்திவிடுவேன். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து, "புடிச்சுக்கம்மா" என்று குரல் கொடுப்பேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. தெருவில் வேறு யார் இப்படி விட்டுக்கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் அந்தத் தங்கச்சி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்னது: "அண்ணே, எங்க கொழாய் தண்ணி குடுக்கறதுக்கு பதிலா காத்த இழுக்குதுண்ணே. புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் வேற."

"அதுக்கும் மூச்சு வாங்கும்ல. மழைக் காலத்துல ஆஸ்துமா வந்திருக்கும்" என்றேன்.

"உங்க மோட்டாருக்கு வரட்டும் ஆஸ்துமா" என்று அது சிரித்தது. நானும் சிரித்தேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு என்றார்கள். கடையில் எதையாவது வாங்கித் தின்றிருக்கும் என்று நான்தான் முதலில் சொன்னேன். மெடிக்கலில் மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலை, நான் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். பாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். "அண்ணே, கூப்புட்டா கண்ணத் தொறக்க மாட்டேங்குது."

வண்டியை எடுத்தேன். அவர் குழந்தையோடு நடுவில், தங்கச்சி பின்னால். பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரைக்கும் பாய் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அது ம் என்றுகூடச் சொல்லவில்லை. அதன் கண் உள்ளே போயிருந்தது, உதடு வெடித்திருந்தது. ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் நர்ஸ் அம்மா ரெண்டு கையையும் பார்த்து, கடைசியில் காலில் குத்தினார்கள். அப்போதும் அது அழவில்லை.

"உடம்புல தண்ணியே இல்ல. இன்னும் அரை நாள் விட்டிருந்தா நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார் டாக்டர். பிறகு கேட்டார்: "வீட்ல என்ன தண்ணி குடிக்கிறீங்க?"

"கொழாத் தண்ணிதான் சார்."

"காய்ச்சியா?"

தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டது. "பாக்க கண்ணாடி மாதிரி இருக்கும் சார். அதான்..."

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் பெரிய மனுஷன் மாதிரி, "கொடத்தயாவது நல்லா கழுவிப் புடிச்சிருக்கலாம்லம்மா" என்றேன். அது என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தது. 

தண்ணியைச் சோதிக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். மறுநாள் சாயங்காலம் தண்ணி வருகிற நேரத்துக்கு ஆள் வருவார்கள் என்று பாய் கேட்டு வந்தார். குழந்தை இன்னும் டிரிப்ஸில்தான் இருந்தது. கண் திறந்திருந்தது, அவ்வளவுதான். பாய் அதோடு ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு, சோதனைக்காகத் தங்கச்சியை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்.

நம் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணி ஆபீஸ் வண்டி தெருவுக்குள் திரும்பினால் முதல் வீட்டுப் பெரியவர் விசில் அடிப்பார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவே அவரை சொல்தா என்றுதான் சொல்லும். அவர் விசில் கேட்டதும் வீட்டுக்கு வீடு மோட்டாரைக் கழற்றி ஒளித்துவிட்டு, குழாயில் மூடியைப் போட்டுத் திருகிவிடுவோம். பார்த்தால் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள், கனெக்‌ஷனும் போய்விடும். அன்றைக்கும் விசில் கேட்டது. என் கை தானாகவே ஸ்பேனரை எடுத்தது. மோட்டாரைக் கழற்றி, சாக்கில் சுற்றி, நீங்கள் படுக்கிற கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி வெளியே வந்து நின்றேன்.

ஒரு மேடமும் ஒரு குழாய் பிட்டரும் வந்திருந்தார்கள். "யாராவது மோட்டார் போட்டிருக்கீங்களா?" என்று பிட்டர் தெருவைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் பழக்கமே எங்க தெருவுல கெடயாது சார்" என்றார் சொல்தா.

கடைசி வீட்டுக் குழாயைத் திறந்தார்கள். தண்ணி கொட்டியது. அந்த வீட்டில் அவ்வளவு வேகமாகத் தண்ணி வந்து நான் பார்த்ததே இல்லை. மேடம் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, மருந்து ரெண்டு சொட்டு விட்டார். மஞ்சளாக மாறியது. "குளோரின் கடைசி வீடு வரைக்கும் வருது. தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு தங்கச்சியைப் பார்த்து, கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்: "பாத்திரத்த சுத்தமா வச்சுக்கணும்மா. சின்னக் கொழந்தை இருக்கற வீடு."

தங்கச்சி உள்ளே ஓடியது. குடத்தை எடுத்துக்கொண்டு வந்தது, தவலையை எடுத்துக்கொண்டு வந்தது, பிள்ளை குடிக்கிற டம்ளர் முதற்கொண்டு எடுத்து வந்து வாசலில் வைத்தது. எல்லாம் பளபள என்று இருந்தன. "நான் தெனம் தேச்சுதான் மேடம் புடிக்கறேன். நீங்களே பாருங்க. என் புள்ளைக்கு நானே குடுப்பனா மேடம்?" என்று கேட்டு அழுதது.  தெருவில் நின்ற பெட்டிக்கடை அம்மா, "துணி தச்சு பஞ்சு பறக்கற வீடு, என்னா சுத்தம் இருக்கும்" என்று என் காதில் விழுகிற மாதிரி சொன்னது.

நான் கொட்டுகிற தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மோட்டார் கட்டிலுக்கு அடியில் கிடக்கும்போது இந்தக் குழாய் இப்படிக் கொட்டுகிறது. ஓடும்போது காற்றை இழுக்கிறது. காற்றை எங்கே இருந்து இழுக்கிறது? காற்று மட்டும்தானா? பிளாஸ்டிக் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன் நான். எங்கேயாவது உறிஞ்சினால் ஓட்டை இருக்கிற இடத்தில் எல்லாம் உள்ளே இழுக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அதுவரைக்கும் அதை யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

மேடம் பையை மூடிவிட்டார். அந்தப் பிள்ளை நாளைக்கோ மறுநாளோ வீட்டுக்கு வரும். நான் பத்து நிமிஷம் முந்தி மோட்டாரை நிறுத்துவேன். "புடிச்சுக்கம்மா" என்பேன். பிள்ளை மறுபடி அதே தண்ணியைக் குடிக்கும்.

உள்ளே போய் மோட்டாரை இழுத்தேன். உங்கள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "கனெக்‌ஷன் போயிடுங்க, ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு நான் என்னா பண்ணுவன்?" என்றாள். "அந்தப் புள்ள போயிருந்தா?" என்றேன். கையை விட்டுவிட்டாள்.

சாக்கோடு வாசலில் கொண்டுவந்து வைத்து, "சார், இது என்னோடது. இத மாட்டிட்டு ஒரு தரம் பாருங்க" என்றேன்.

"யோவ், ஒனக்கு என்னா பைத்தியமா?" என்றார் சொல்தா. பிட்டர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மாட்டுங்க" என்றார்.

மாட்டிப் போட்டேன். கடைசி வீட்டுக் குழாயில் கொட்டிக்கொண்டிருந்த தண்ணி மெலிந்து, நின்று, புஸ் என்றது. பிட்டர் குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தார். கை ஒட்டிக்கொண்டது. அவர் வாசலுக்கு வந்து சாக்கடையைக் குனிந்து பார்த்தார். அந்த வீட்டுக் குழாய் அதற்குள் மூழ்கித்தான் அந்தப் பக்கம் போகிறது. குழாய் வாயை இறுக்கி மூடிவிட்டு வந்து, "யார்கிட்டயாவது சொட்டு நீலம் இருக்கா?" என்று கேட்டார்.

அம்மாதான் எடுத்துக்கொண்டு வந்தாள். பாட்டிலில் இருந்ததை முழுக்கக் குழாய் மூழ்கியிருந்த இடத்தில் கவிழ்த்தார். மோட்டார் கொஞ்ச நேரம் ஓடியது. நிறுத்தச் சொன்னார். வாசலில் இருந்த பாத்திரங்களிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துப் பிடித்துக்கொண்டு குழாயைத் திறந்தார்.

நீலமாக வந்தது. நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டையை அலசின தண்ணி மாதிரி, லேசான நீலம்.

சாக்கடைக்குள் அந்தக் குழாயின் ஜாயிண்டில் விரிசல். லைனில் வேகம் இருந்தால் நல்ல தண்ணி வெளியே ஒழுகும். என் மோட்டார் உறிஞ்சினால் சாக்கடை உள்ளே போகும். நான் நிறுத்திவிட்டு, விட்டுக்கொடுத்ததாக நினைத்த அந்தப் பத்து நிமிஷத் தண்ணியில் அதுதான் முதலில் வந்திருக்கிறது. நம் தொட்டியிலும் வந்திருக்கும். நாம் அதைக் குடிக்கவில்லை.

தங்கச்சி டம்ளரைப் பார்த்தது. என்னைத் திட்டும், மண்ணை வாரித் தூற்றும் என்று நின்றேன். அது மேடத்திடம் திரும்பிக் கேட்டது: "அப்ப என் பாத்திரம் இல்லியே மேடம்?"

"இல்லம்மா. நான் சொன்னது தப்பு" என்றார் மேடம்.

அது அப்படியே டம்ளர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டது. ரெண்டு நாளாக அது எதைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தச் சுமையில் ஒரு கை நானும் ஏற்றி வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு என் மோட்டாரோடு தெருவில் இருந்த எல்லா மோட்டாரும் வண்டியில் ஏறின. கனெக்‌ஷனை மட்டும் விட்டுவிட்டார்கள். "யோக்கியன் வந்துட்டான், சொம்ப எடுத்து உள்ள வை" என்று சொல்தா ரொம்ப நாள் என்னைப் பார்த்தாலே சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும். சாக்கடைக்கு மேலே தூக்கிப் புதுக் குழாய் போட்டார்கள். முன்வீடுகளில் மோட்டார் போன பிறகு நமக்கும் குடத்தில் பிடிக்கிற அளவுக்குத் தானாகவே தண்ணி வந்தது. அதுவரைக்கும் தண்ணி இல்லை என்று நாங்கள்தான் ஒருவரை ஒருவர் உறிஞ்சிக்கொண்டிருந்தோம்.

சோதனைக்கு மறுநாள் இருட்டுகிற நேரத்தில், குழந்தையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுப் பாய் வந்தார். விஷயம் தெரிந்துதான் வந்திருந்தார். நான் எழுந்து நின்றேன்.  அவர், "காலைல டிஸ்சார்ஜ் பண்றாங்களாம். வண்டிய எடுத்துக்கினு வாண்ணே. ஆட்டோல குலுங்கும், புள்ள தாங்காது" என்றார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மறுநாள் கூட்டிக்கொண்டு வந்தேன். அவ்வளவு மெதுவாக நான் வண்டி ஓட்டியதே இல்லை.

நீங்கள் நாளைக்கு வேறு ஊரில், வேறு வீட்டில் இருப்பீர்கள். கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணியை நம்பாதீர்கள். கொதிக்க வைத்துக் குடியுங்கள். குழாய் எதற்குள்ளே மூழ்கி வருகிறது என்று குனிந்து பாருங்கள். பக்கத்து வீட்டில் யாராவது, எங்கள் குழாய் இப்படிச் செய்கிறது என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் அம்மாவோடு கோயிலுக்குப் போயிருந்தீர்கள். நான் போகவில்லை. உடம்பு முடியவில்லை என்று சொன்னது பொய். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, நம் வாசல் சாக்கடை ஓரம் குப்புறப் படுத்தேன். தோள் வரைக்கும் கையை விட்டு, நம் வீட்டுக் குழாயைத் தெரு லைனிலிருந்து சுவர் வரைக்கும் ஒவ்வொரு அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. அப்புறம் அடுத்த வீட்டுக் குழாய், அதற்கடுத்தது என்று, சொல்தா வீடு வரைக்கும் போனேன். வீட்டுக்கு வந்து நாலு தரம் சோப்புப் போட்டேன். நாற்றம் போகவில்லை. அந்தக் கையை முகர்ந்துகொண்டு பின்கட்டில் ரொம்ப நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒரு குழந்தை தாகம் என்று கேட்டபோது நான் எதைக் கொடுத்தேன் என்பது இன்றைக்கும் எனக்கு அந்த நாற்றமாகத்தான் தெரியும்.