கண்டக்டர் அக்கா வைத்த கேள்வி

செய்தி வந்தபோது காலை பதினொன்று நாற்பது. ஒரு படிவத்தில் பிறந்த தேதி கேட்கும் இடத்தில் நாளைய தேதியைப் போட்டு, அதை ஏற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் ஓட்டை தேடுவதுதான் என் வேலை. போனில் அக்காவின் மகள் அழவில்லை. "அம்மா போயிட்டாங்க, ஆன்ட்டி" என்றாள். படிவம் அந்தத் தேதியை ஏற்றுக்கொண்டிருந்தது. அதைப் பிழை என்று குறித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அவர் என் உடன்பிறந்த அக்கா இல்லை. பதினோரு வருடம் பக்கத்து நாற்காலி. தட்டச்சராகச் சேர்ந்து, முப்பது வயதுக்குமேல் நிரல் எழுதக் கற்றவர். மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குத்தான் பிரிப்பார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர் அக்கா. நாளை வெளியிட வேண்டியதில் இன்று சாயங்காலம் வந்து "ஒரு சின்ன மாற்றம்" என்பார் வாடிக்கையாளர். சிலர் தலையாட்டிவிட்டு, மாடிப்படியில் போய் நின்று திட்டித் தீர்ப்பார்கள். அக்கா மட்டும், "தாராளமா ஏறட்டும். யாரு இறங்கறா?" என்பார். இருக்கிற நேரம் ஒரு பஸ், இடம் அவ்வளவுதான். புதிதாக ஒன்று ஏற வேண்டுமென்றால், உட்கார்ந்திருப்பதில் ஒன்றைக் கைகாட்ட வேண்டும். கைகாட்டச் சொன்னதும் பாதிப் பேருக்கு அந்த மாற்றமே வேண்டாமென்று ஆகிவிடும்.

அவருக்குக் கோபமே வராது என்றில்லை. வந்தால் பேசமாட்டார். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டித் தூசி எடுப்பார். அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் பக்கத்தில் போகமாட்டோம்.

சென்ற வருடம் சில ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்காக ஒரு மென்பொருள் செய்தோம். வெள்ளிக்கிழமை காலை வெளியீடு. வியாழன் நான்கு மணிக்குப் பரிசோதனைக் கூடத்து மேலாளர் நேரிலேயே வந்துவிட்டார்.

"முடிவு ரெடியானதும் நேரா டெஸ்ட் எடுத்தவங்க போனுக்கே போயிடணும், மேடம். டாக்டர் பார்க்கறவரைக்கும் காத்திருக்க வேண்டாம்."

"சர்க்கரை அளவுன்னா பரவாயில்ல சார். கெட்ட சேதியா இருந்தா?"

"சேதி சேதிதானே. இது ஒரு வரி வேலைன்னு எனக்கும் தெரியும்."

"ஒரு வரிதான். அதைப் படிக்கிறவங்க அப்போ ரோட்டைத் தாண்டிட்டு இருப்பாங்க."

மேலாளர் கெட்டவரில்லை. முடிவு தெரியாமல் தவிப்பவர்களின் வசவை தினமும் வாங்குகிறவர் அவர்தான். அக்கா கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"சரி, ஏத்திக்கறேன். ஆனா கூட இன்னொண்ணும் ஏறும். ரத்தம் எடுக்கும்போதே ஒரு கேள்வி கேட்கணும். போன்ல அனுப்பட்டுமா, நேர்ல வந்து கேட்டுக்கறீங்களான்னு. பதில் சொல்லாம எதுவும் போகாது."

"அப்ப எது இறங்கும்?"

"உங்க கலர் வரைபடம்."

முதலாளியிடம் காட்டவென்று அவர் ஆசையாகக் கேட்டு வாங்கிய வரைபடம் அது. "மேடம், அது எனக்குக் குழந்தை மாதிரி."

"குழந்தைக்கு அரை டிக்கெட்தான் சார். அடுத்த வாரம் மடியில வச்சுக் கூட்டிட்டு வரேன்."

மேலாளர் சிரிக்கவில்லை. ஆறு மணிக்கு எங்கள் மேலிடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: வாடிக்கையாளர் கைவிட்டுப் போனால் பொறுப்பு உங்களுடையது. அக்கா "சரி" என்று ஒரே ஒரு சொல்லில் பதில் போட்டார். வேலை போனாலும் போகட்டும் என்று எடுத்த முடிவு அது. வெள்ளி காலை அந்தக் கேள்வியோடுதான் மென்பொருள் வெளிவந்தது. வாடிக்கையாளரும் எங்கும் போகவில்லை.

நாலைந்து மாதம் கழித்து ஒருநாள் அக்கா தன் நாற்காலியை என் பக்கம் திருப்பி, "ஒரு சின்ன மாற்றம், அந்த ரத்தக் கேள்வியில" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீங்களே இப்படிக் கேட்கலாமாக்கா? யாரு இறங்கறா?" என்றேன். அவர் திரும்பிக்கொண்டு கீபோர்டைக் கவிழ்த்தார். என் கேலி பிடிக்கவில்லை என்று நினைத்து நானும் வேலையைப் பார்த்தேன்.

காரணம் செய்தி வந்த அன்று அவர் வீட்டில்தான் தெரிந்தது. மகள் சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மாவுக்கும் நீங்க மென்பொருள் செஞ்சு கொடுத்த லேப்லதான் டெஸ்ட் எடுத்தாங்க ஆன்ட்டி. கவுன்டர்ல அந்தக் கேள்வியைக் கேட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டும் வேண்டாம், என் பொண்ணுகிட்ட சொல்லுங்க, அவ எனக்குச் சொல்லட்டும்னாங்க. கவுன்டர்ல இருந்தவங்க, அப்படிப் போட இதுல இடமே இல்லியே மேடம்னுட்டாங்க. 'இதை எழுதினவ சரியான மக்கு'ன்னு சொல்லி அம்மா சிரிச்சாங்க." பிறகு சொன்னாள்: "கடைசியில அவங்களே தனியா போய்க் கேட்டுட்டு வந்தாங்க."

முடிவைக் கேட்டுவந்த பிறகு அக்கா நான்கு நாள்தான் அலுவலகம் வந்தார். அந்த நான்கு நாளில் அவர் எழுதியதை இன்று திறந்து பார்த்தேன். சோதனைத் திரையில், அந்தக் கேள்விக்குப் பதிலைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு வட்டங்களுக்குக் கீழே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: 'எனக்குப் பதிலாக இவரிடம் சொல்லவும்.' அதை அழுத்தினால் பெயருக்கு ஒரு கட்டமும் போன் எண்ணுக்கு ஒரு கட்டமும் திறக்கின்றன. இரண்டையும் நிரப்பலாம். நிரப்பியதைச் சேமிக்கும் பகுதி எழுதப்படவில்லை.