அட்டையில் இருந்தவள்

காலேஜ் விண்ணப்பத்தில் நான் எழுதிய பெயர் செத்துப்போன ஒரு பிள்ளையுடையது. என் அத்தை மகள். சிலோன் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒரே வருஷம் பிறந்தவர்கள் நாங்கள். இந்தியாவுக்குப் போகலாம் என்று அத்தை குடும்பத்துக்குப் பாஸ்போர்ட்டு வந்தது. கப்பல் ஏறுவதற்குள் அவள் வயிற்றுப்போக்கில் போய்விட்டாள். அப்பா அம்மா இல்லாத எனக்கு எந்தக் காகிதமும் கிடையாது. அவள் இடத்தில் என்னைக் கூட்டிவந்துவிட்டார்கள். ஆறு வயசுப் பிள்ளையின் போட்டோவை எவன் உற்றுப் பார்க்கப்போகிறான்!

வந்த இரண்டாம் வருஷமே மாமாவைக் காய்ச்சல் கொண்டுபோனது. போடிநாயக்கனூரில் ஒற்றை அறை வீடு. அத்தை விடியலில் ஜீப்பேறி, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போவாள். வெளியே அவளை அம்மா என்பேன், வீட்டுக்குள் அத்தை.

வைகாசியில் ஒரு நாள் மட்டும் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வருவாள். கல்யாணமாகாமல் செத்த பெண்ணைக் கன்னி என்று கும்பிடுவது எங்கள் வழக்கம். புதுத்துணி, வளையல், ரிப்பன், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் வைத்து, அத்தை உதடு மட்டும் அசைய மூன்று தரம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு இருவரும் வாசலில் நிற்போம். அவள் சாப்பிட்டுப் போகிறவரை உள்ளே போகக் கூடாது. யாராவது கேட்டால், "எங்க குலத்துல ஒரு கன்னி" என்று அத்தை மழுப்பிவிடுவாள்.

துணியை என் அளவுக்குத்தான் எடுப்பாள். "அவளும் வளருவால்ல." நான் தாவணி போட்ட வருஷம் அவளுக்கும் தாவணி. படைத்த துணியைப் பிறகு நான் உடுத்த வேண்டும். எடுக்கும்போது அது கதகதப்பாக இருக்கும், யாரோ அப்போதுதான் அவிழ்த்துப் போட்டதுபோல. பயத்தைவிட எனக்கு எரிச்சல்தான் வரும். சனியன், எதையும் எனக்கு முன்னால் அவள் உடுத்திவிடுகிறாளே!

பிளஸ் டூவில் நல்ல மார்க்கு. மதுரையில் ஒரு காலேஜில் இடமும் கிடைத்தது. ஆனால் சிலோனிலிருந்து திரும்பியவர்களின் பிள்ளை என்று தாலுகா ஆபீஸ் சர்டிபிகேட் கொடுத்தால்தான் பீசு சலுகை. இல்லாவிட்டால் நானும் ஜீப்பில் ஏற வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து விசாரித்த பிறகே சர்டிபிகேட் என்றார்கள். ஆள்மாறாட்டம் என்று தெரிந்தால் அத்தையை உள்ளே தள்ளிவிடுவார்கள்.

"இந்த வருஷம் படைக்க வேணாம் அத்தே" என்று கெஞ்சினேன்.

"பெத்தவ கூப்பிடலேன்னா அவ எங்கடி போவா?"

விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தது அந்தப் படையல் நாளில்தான். உச்சிப் பொழுது. மலையிலிருந்து மேகம் இறங்கித் தெரு பாதி இருண்டிருந்தது. சாத்திய கதவுக்கு வெளியே நாங்கள் சாரலில் நின்றோம்.

"என்னம்மா, வீட்ட வச்சுக்கிட்டு வெளிய நிக்கிறீக?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கன்னிக்குப் படைச்சிருக்கோம் சார். செத்த நேரம் பொறுங்க."

அவர் கையிலிருந்த குடும்ப அட்டை நகலைப் பார்த்தார். உள்ளே வைத்திருந்த ரிப்பனும் வளையலும் ஜன்னல் வழியே தெரிந்தன. "அட்டையில ஒரே பொண்ணுன்னுதான இருக்கு? செத்தது யாரு?"

அத்தை என்னையே பார்த்தாள்.

"எங்கண்ணன் மக சார்" என்று என் பழைய பெயரைச் சொன்னாள். "சிலோன்லயே தவறிருச்சு. இதுதான் எம் மக."

பன்னிரண்டு வருஷமாக யார் வாயிலும் வராத பெயர். 'என்ன அத்தே' என்று என் தொண்டை வரை வந்துவிட்டது. அப்போது உள்ளே ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. மூன்று பேருக்கும் கேட்டது. இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், நின்றவாக்கிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வெரசாகப் போய்விட்டார்.

தாளைப் பார்த்து நான் சிரித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சிரித்தேன். அத்தை அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ள இருந்து கேட்டிருப்பாளே. பெத்தவளே இல்லைன்னுட்டாளேன்னு போயிருப்பாளே."

அன்று கதவைத் திறந்தது நான்தான்.

மறு வைகாசியில் லீவில் வந்திருந்தேன். அத்தை இலை போட்டாள். புதுத்தாவணியை மடித்து வைத்தாள். இந்தத் தடவை உதடு மட்டும் அசையவில்லை. தெருவுக்கே கேட்கும்படி மூன்று தரம் கூப்பிட்டாள். என் பழைய பெயரை, இனி அது அவளுடையது என்பதுபோல. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிட்டு வரட்டும், பொறு" என்றாள்.