கேத்தல் தண்ணீரில் வந்த கேபிள்

எங்கள் புது வீட்டுச் சுவருக்குள் ஒரு குழாய் ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எங்கள் வீட்டிலிருந்து யாரும் திரும்பிப் போனதில்லை. அப்பா விடமாட்டார். வந்தவர் தேத்தண்ணீரை வாயில் வைப்பதற்குள் அவரை எழுப்பிக் கூட்டிப்போய், முன்னறையான ஹோலின் மூலையில் இடுப்பு உயரத்தில் தெரியும் வட்ட ஓட்டையைக் காட்டுவார். "டீவி வயருக்கு. கூரையில இருந்து நேரா இங்க வந்துரும். வெளிய ஒரு துண்டு தெரியாது." அப்போது எங்களிடம் டீவி கிடையாது.

நான் அந்த வருடம் ஐந்தாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. ஆகவே வீட்டில் எந்த விஷயத்திலும் கருத்துச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று நானே தீர்மானித்திருந்தேன்.

வட்டவளைக்கு மேலே, தேயிலை மலையின் ஓரத்தில் ஏழு பேர்ச் காணியில் கட்டிய வீடு அது. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்திலிருந்து அங்கே வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. லயத்துக் காம்பிரா, அதாவது எங்கள் ஒற்றை அறை, தோட்டத்துடையது, சுவரும் தோட்டத்துடையது. நான் பிறப்பதற்கு முன்பு அப்பா அங்கே முகம் பார்க்கும் கண்ணாடி மாட்ட ஓர் ஆணி அடித்தாராம். சாந்து பெயர்ந்து பக்கத்துக் காம்பிராவரை வெடிப்பு போய்விட்டது. மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில், எல்லார் முன்னாலும், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு அப்பாவைக் கூப்பிட்டு நிறுத்தி, "அது என்ன ஒங்கப்பன் வீட்டுச் செவுரா?" என்று கேட்டாராம். மாமா இந்தக் கதையைக் கண்டாக்கின் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். அப்பாவும் சிரிப்பார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கொழும்பில் கடையில் வேலை. அந்த வருடம் தீபாவளிக்கு முந்தின நாள் பெரிய டீவி ஒன்றை ரயிலில் கொண்டுவந்து, ஸ்டேசனிலிருந்து தோளில் சுமந்து ஏறினார். டிஷ் பூட்டுவதற்குக் கினிகத்தேனையிலிருந்து, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவரையும் வரச்சொல்லியிருந்தார். மறுநாள் பழைய லயத்து ஆட்கள் எல்லாரும் படம் பார்க்க வருவதாக இருந்தது. அம்மா பாய்கூட இரவல் வாங்கி வைத்துவிட்டார்.

டிஷ் நானா கூரையில் தட்டைப் பூட்டினார். ஏணியில் நின்று கேபிளைக் குழாய்க்குள் விட்டார். ஒரு சாண் போனது. நின்றது. இரும்புக் கம்பியை விட்டுப் பார்த்தார். அதுவும் அங்கேயே நின்றது. கீழே ஹோல் ஓட்டையிலிருந்து தள்ளிப் பார்த்தார். அங்கேயும் ஒரு சாண்தான்.

"அண்ணே, இதுக்கு என்ன வளைவு போட்டீங்க?"

"எல்போ. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

நானா ஏணியிலிருந்து இறங்கி வந்து அப்பாவைப் பார்த்தார். "அது தண்ணி பைப்புக்குப் போடுறதுண்ணே. தண்ணி திரும்பும். வயரு திரும்பாது."

அப்பா தோட்டத்தில் தண்ணீர் லைன் வேலை பார்ப்பவர். ஊற்றிலிருந்து, லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிவரை மலை முழுக்கக் குழாய் பதித்தவர். டீவி வயருக்கும் அவர் பீலிக்குப் பதிப்பதுபோலவே பதித்திருந்தார். முக்கால் அங்குலக் குழாய், இரண்டு எல்போ, பொருத்து ஒவ்வொன்றிலும் கோந்து, தண்ணீர் தேங்காமலிருக்க நல்ல சரிவு. பின்னால் வயர் இழுப்பதற்கென்று உள்ளே ஒரு நூலைப் போட்டு வைக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

மாமா விடுவாரா? "மச்சான், நாளைக்கு டீவியத் தொறந்தா படம் வருமா, தண்ணி வருமா? அக்கா, எதுக்கும் ஒரு கொடத்த வச்சுப் பாரு!"

அம்மா சிரிப்பை முந்தானையால் மூடினார். அப்பா சிரிக்கவில்லை.

நானா இரண்டு வழி சொன்னார். சுவரை உடைத்துக் குழாயை மாற்றலாம். இல்லையென்றால் வயரை வெளியே சுற்றிக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக எடுக்கலாம். "ஜன்னல மூட முடியாதே, மிஸ்ட்டெல்லாம் உள்ள வருமே" என்றார் அம்மா. அப்படியென்றால் ஒரு முழம் மட்டும் உடைக்கிறேன், பிறகு பூசிக்கொள்ளலாம் என்று நானா உளியை எடுத்தார்.

"செவுத்துல கை வைக்க வேணாம்" என்றார் அப்பா.

"கொஞ்சந்தாண்ணே."

"டீவியே வேணாம். கை வைக்காதீங்க."

மலையிலிருந்து மழை இறங்குவது தெரிந்தது. நானா உளியைப் பைக்குள் போட்டார். இன்னும் கால் மணி நேரத்தில் அவர் போய்விடுவார், நாளைக்கு வருகிற ஆட்கள் பெட்டியில் இருக்கும் டீவியைப் பார்த்துவிட்டுப் போவார்கள், வாசலிலேயே மாமா அவர்களுக்கு எல்போ கதையைச் சொல்வார். அதை நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு வேறொன்றும் நினைவுக்கு வந்தது.

பீலியில் நாங்கள் ஒரு விளையாட்டு விளையாடுவோம். மேலே தண்ணீர்த் தொட்டியில் குழாயின் வாயருகே தேயிலைப் பூவைப் போட்டுவிட்டு, மலையில் ஓடி இறங்கி, அது பீலியில் வந்து விழுவதற்குள் கை நீட்டிப் பிடிக்க வேண்டும். குழாய் அடைத்துவிடும் என்று அப்பா இதற்காக என்னை இரண்டு தடவை அடித்திருக்கிறார். பூ எத்தனையோ எல்போவைத் தாண்டித்தான் வரும். ஒரு நாளும் சிக்கியதில்லை.

"அப்பா, தண்ணி ஊத்துங்க. நூலக் கட்டி ஊத்துனா தண்ணியே இழுத்துக்கிட்டு வரும்."

"கேபிள் பைப்புக்குள்ள தண்ணியா? எங்கயாச்சும் கசிஞ்சா செவுரு போயிரும் பாப்பா" என்றார் நானா.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். அது அம்மா மணல் சுமந்த சுவர். வெளிர்நீலப் பெயின்ட் அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"ஒட்டுனது நானு. ஒரு சொட்டு கசியாது. கேத்தலக் கொண்டா."

கடையில் சாமான் போட்டுத் தரும் சிலிசிலி பையில் ஒரு துண்டைக் கிழித்துத் தையல் நூலின் முனையில் கட்டினேன். அப்பா ஏணியில் நின்று அந்த முனையைக் குழாய்க்குள் விட்டு, தேத்தண்ணீர் வைக்கும் கேத்தலைச் சரித்தார். ஹோலில் அம்மா பேசினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் சலசலவென்று வந்தது. நூல் வரவில்லை.

"பாத்தீங்களா, தண்ணி நல்லா வருது மச்சான்!" என்று மாமா ஜன்னல் வழியாகக் கத்தினார். "பில்லு எப்ப குடுப்பீங்க?"

அம்மா பேசினைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். நூலை மெல்ல இழுத்து எடுத்து, நான் கட்டிய துண்டைப் பார்த்தார். "இவ்வளவு பெருசா கட்டுனா எப்பிடி வளைவுல திரும்பும்?" நகத்தாலேயே அதைக் கிள்ளிக் கிள்ளித் தேயிலைக் கொழுந்து அளவுக்குக் குறைத்தார். நாள் முழுக்க அதே அளவைக் கிள்ளுகிற விரல்கள்.

இரண்டாவது கேத்தல். நான் பேசினில் முகத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு பார்த்தேன். முதலில் வெறும் தண்ணீர். பிறகு அழுக்குத் தண்ணீர். பிறகு, வெள்ளையாக, குட்டியாக, வால் வைத்த ஒன்று துள்ளிக்கொண்டு பேசினில் விழுந்தது.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தையல் நூலின் மறுமுனையில் நானாவின் நைலான் கயிறு, கயிற்றின் முனையில் கேபிள். கேபிளின் நுனியைக் கூராகச் சீவி டேப் சுற்றினார்கள். அம்மா துணி துவைக்கும் சவர்க்காரத்தை அதன் நீளத்துக்கும் தேய்த்தார். மேலே அப்பா தள்ள, கீழே மாமா சுவரில் காலை ஊன்றி இழுத்தார். "காலெடு, பெயின்டு!" என்று அம்மா அவர் முதுகில் ஒன்று போட்டார். எல்போவில் இரண்டு முறை நின்று, மூன்றாவது இழுப்பில் சவர்க்கார நுரையோடு கேபிள் வெளியே வந்தது. அது தலையை நீட்டியபோது மாமா பின்பக்கமாக விழுந்தார். சுவரில் ஓர் ஈரப்பொட்டுகூட இல்லை. நானா உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க ஒட்டுனா ஒட்டுனதுதான்" என்றார்.

டீவியில் படம் வந்தபோது மழையும் வந்தது. மாமா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "எங்க இன்ஜினியரம்மா!" என்று ஹோலைச் சுற்றி வந்தார். அந்தப் பட்டம் எனக்கு அப்போதே பொருத்தமாகத்தான் இருந்தது. இன்று பல்கலைக்கழகத்தில் நீரோட்டம் பற்றிய பாடத்தில் நான் வாங்கும் புள்ளிகளுக்கும் அந்தக் கேத்தலுக்கும் சம்பந்தம் உண்டு என்றே நம்புகிறேன்.

நானா போனபின் நாங்கள் டீவியின் முன்னால் உட்கார்ந்தோம். அப்பா மட்டும் உட்காரவில்லை. சுத்தியலையும் ஓர் ஆணியையும் எடுத்துக்கொண்டு வந்து, டீவிக்கு மேலே சுவரில் வைத்தார்.

"அப்பா, பைப்பு!" என்று கத்தினேன்.

"அது எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாதா?" ஒரு சாண் தள்ளி வைத்து, மூன்றே அடியில் இறக்கினார். ஒரு பொடிகூட உதிரவில்லை. அதில் அவர் எதையும் மாட்டவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எதுக்குப்பா?"

"சும்மாதான்."

ஒரு முழம் உடைக்கவும் விடாதவர், டீவியே வேண்டாம் என்றவர், ஒன்றுக்கும் இல்லாமல் அதே சுவரில் ஆணி அடிக்கிறார். எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. என் பள்ளிக்கூடச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டப்போகிறார். ஒரு வாரம் காத்திருந்தேன். எதுவும் மாட்டவில்லை.

மாமா அன்றைக்கு ஆணியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், டீவியின் சத்தத்தைக் குறைத்தார். அதற்குப் பிறகு கண்டாக்குக் கதையை அவர் எங்களுக்குச் சொல்லவே இல்லை. எத்தனை தடவை கேட்டும் சொல்லவில்லை. நல்ல சிரிப்புக் கதையை ஏன் இப்படி வீணாக்குகிறார் என்று எனக்கு அவர்மேல் வெகுநாள் கோபம் இருந்தது.