கண்காட்சியில் பாடு போட்ட தாமோதரன்

எங்கள் ஊரில் எது பழசானாலும் அது டச்சுக்காரன் காலத்தது. பழவேற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பதினாறு வருடமாக நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் மெஷினைக்கூட டச்சுக்காரன் விட்டுப்போனது என்றுதான் கிண்டல் செய்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு நகலைக் கொஞ்சம் மங்கலாகவே எடுத்துக் கொடுப்பேன். இந்த ஆரோக்கியமேரியிடம் வாய் கொடுத்தால் அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஊரில் பழம்பொருள் கண்காட்சி என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். போன தை மாதம் சென்னையிலிருந்து ஒரு சேகரிப்பாளர் சங்கம் வந்து கல்யாண மண்டபத்தை இரண்டு நாள் எடுத்தது. சனிக்கிழமை, வீட்டில் இருக்கும் பழைய பொருளைக் கொண்டுவந்தால் அதன் வயதைச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை சிறப்புச் சொற்பொழிவுகள்.

சனிக்கிழமை நடந்ததை எழுத இடம் போதாது. ஒருவர் ஆட்டுக்கல்லை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். இன்னொருவர் மாமியார் கொடுத்த பித்தளை விளக்கைக் காட்டி, அடியில் இருப்பது டச்சு எழுத்து என்று சாதித்தார். நிபுணர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, அது பாத்திரக்கடைக்காரர் பொறித்த பெயர், பாதி தேய்ந்துவிட்டது என்றார். மாமியாரும் கூடவே நின்றிருந்ததால், விளக்குக்காரர் அதைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

இந்தக் கூட்டத்தை மேய்க்கத்தான் கோட்டைக்குப்பம் தாமோதரன் அண்ணனை அமர்த்தியிருந்தார்கள். நாற்காலி, டீ, மைக், பேச்சாளர்கள் எல்லாம் அவர் பொறுப்பு.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது அறுபத்தொன்று. முழங்கால் கெட்டுப்போனதால் இப்போது கடலுக்குப் போவதில்லை. ஆனால் குப்பத்தில் பாடு போடுகிறவர் இன்றைக்கும் அவர்தான். பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். வலை கட்டுகிறவர்களோ நிறையப் பேர். அதனால் எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று சொம்பில் சீட்டுப் போட்டு எடுத்து முறை வைத்துக்கொள்கிறார்கள். அந்த முறைதான் பாடு. பேரைக் கூப்பிட்டுச் சீட்டு எடுக்கவைப்பது இருபத்தாறு வருடமாகத் தாமோதரன் அண்ணன் வேலை. ஒரு தடவை சொந்த மச்சான் இரண்டு நிமிடம் தாமதமாக வந்தார் என்று அவரைக் கடைசியாக எடுக்கவைத்தார். மச்சான் ஒன்றரை வருடம் வீட்டுப் படி ஏறவில்லை. அண்ணன் அதைப் பெருமையாகத்தான் சொல்லுவார்.

அந்த நியாயம் ஏரியோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டில் கொடுவா மீனின் தலை யாருக்கு என்பதற்கும் அவர் சீட்டுப் போடுவார். டிவி ரிமோட்டுக்கும் முறை உண்டு. ஊர்ச் சாப்பாட்டில் அவர் பரிமாறினால் எல்லோருக்கும் இரண்டு வடை. கலெக்டரே வந்து உட்கார்ந்தாலும் மூன்றாவது கிடையாது. இந்த மனிதரோடு எப்படித்தான் குடித்தனம் செய்கிறாய் என்று அவர் மனைவி செவ்வந்தியை ஒருமுறை கேட்டேன். "அதுவும் பழகிடுச்சிக்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சாளர்கள் நான்கு பேர். ஒருவர் பேராசிரியர் பிரதாப், பீங்கான் பற்றிப் பேச வந்தவர். ஒருவர் பழைய நாணயக்காரர், ஒருவர் கடிகாரக்காரர். நான்காவது பூவிழி, தாமோதரன் அண்ணனின் மகள். சரித்திரத்தில் எம்.ஏ. படிக்கிறாள். அவள் தலைப்பு, 'வலைக் குப்பையில் வந்தவை'.

அந்தக் குப்பையின் கதை இதுதான். ஏரியில் வலையை இழுக்கும்போது இறாலோடு சேற்றில் கிடக்கும் ஓடும் உடைசலும் சேர்ந்து வரும். நீலப்பூப் போட்ட தட்டுத் துண்டு, களிமண் புகைக்குழாய், பச்சைப் பாட்டிலின் கழுத்து. ஆண்கள் கரையில் உதறிவிட்டுப் போய்விடுவார்கள். பிள்ளைகள் காலில் குத்துமே என்று செவ்வந்தி பொறுக்க ஆரம்பித்தாள். சரித்திர ஆர்வமெல்லாம் ஒன்றும் கிடையாது. பிறகு அந்த நீலப்பூ பிடித்துப்போயிற்று. இருபத்திரண்டு வருடத்தில் ஐந்து பெயிண்ட் டப்பா நிறைந்தது. கல்லூரியிலிருந்து பூவிழியின் ஆசிரியை ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, அத்தனையும் நிஜமாகவே டச்சுக்காரன் காலத்தது என்று டப்பாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

பூவிழி தன் பேச்சை எழுதி என் கடையில்தான் நகல் எடுத்தாள். ஏழு பக்கம். வாசித்துப் பார்த்தேன், மெஷின் சூடாகும்வரை வேறு என்ன வேலை. கடைசிப் பக்கத்தில் கடைசிப் பத்தியில்தான் செவ்வந்தியின் பெயர் இருந்தது. "இதையெல்லாம் கண்டெடுத்துக் காப்பாற்றியவர் என் தாய் செவ்வந்தி" என்று.

"இன்னா பூவிழி, ஆரம்பத்துலயே போட்டுடேன்" என்றேன்.

"நன்றி சொல்றது கடைசிலதான் ஆன்ட்டி வரணும். காலேஜ்ல அப்டிதான்" என்றாள்.

செவ்வந்திக்கும் அது தெரியும். மேடையிலிருந்து மைக்கில் தன் பெயரைச் சொல்லப்போகிறார்கள் என்று, கல்யாணத்துக்கு மட்டும் கட்டும் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, ஞாயிறு காலை எட்டரைக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

தகராறு ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது. எல்லோருக்கும் பதினோரு மணிதான் வேண்டும். அப்போதுதான் கூட்டம் இருக்கும். பன்னிரண்டுக்கு மேல் எல்லோரும் மீன் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். பிரதாப் தான் மூத்தவர் என்றார். நாணயக்காரர் தான் முதலில் ஒத்துக்கொண்டவர் என்றார். கடிகாரக்காரர் தன் கடிகாரங்களில் ஒன்று பதினோரு மணிக்குப் பாடும், அதைக் காட்ட வேண்டும் என்றார். ஏற்பாட்டாளர் சந்தியா என்கிற பெண் அழாத குறையாக நின்றாள்.

தாமோதரன் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னாத்துக்குச் சண்டை. பாடு போட்டுடலாம்."

சந்தியாவுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. படம் எடுக்கப் போனை நீட்டினாள். டீக்கடையிலிருந்து ஒரு சொம்பு வந்தது. என்னிடம் சீட்டு வெட்டச் சொன்னார்கள். நாலு சீட்டு, நாலு நேரம். ஆளுக்கு இருபது நிமிடம், ஒரு வினாடி கூடக் கிடையாது என்றார் அண்ணன். அறுபத்திரண்டு படங்களோடு வந்திருந்த பிரதாப்பின் முகம் சுருங்கியது. நேரம் முடிந்ததும் அடிக்க ஐஸ் வண்டிக்காரரிடமிருந்து மணியும் வாங்கிவைத்தார்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பூவிழி சொம்பில் கை விட்டாள். பிரித்துக் காட்டினாள். பதினோரு மணி.

நாணயக்காரர் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு குப்பத்திலிருந்து வந்திருந்தவர்களில் ஒருவர், பூவரசன், பின்வரிசையிலிருந்து இழுத்தாற்போல் சொன்னார். "நல்ல பாடுதான். அப்பன் சொம்பு, பொண்ணு கையி."

எல்லோரும் சிரித்தார்கள். பாவம், அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் தாமோதரன் அண்ணனின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். இருபத்தாறு வருடத்தில் அவர் பாரபட்சம் பார்த்தார் என்று யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொன்னதில்லை. மகளை ஓரமாகக் கூட்டிப் போனார். சீட்டு வெட்டிய கத்தரிக்கோலைப் பையில் வைத்துக்கொண்டிருந்த எனக்குக் காதில் விழுந்தது. வேண்டுமென்றே கேட்கவில்லை, ஆனால் நகரவும் இல்லை.

"அந்தப் புரொபசருக்கு மாத்திக் குடுத்துடு" என்றார்.

"ஏரியில யாராவது நல்ல பாடு வந்துதுன்னு மாத்திக் குடுப்பாங்களா நைனா? நீங்க வுடுவீங்களா?"

அவர் மணியை எடுத்துக்கொண்டு மேடைப் பக்கம் போனார். தன் சட்டத்திலேயே தான் மாட்டிக்கொண்ட மனிதரை அன்றைக்குத்தான் பக்கத்தில் பார்த்தேன். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பதினோரு மணிக்குப் பூவிழி ஏறினாள். மேஜை மேல் டப்பாவில் இருந்தவற்றைப் பரப்பிவைத்திருந்தாள். நன்றாகப் பேசினாள். எந்த ஓடு எந்த இடத்தில் வலையில் ஏறியது, எந்தக் காற்று அடிக்கும்போது சேறு கிளறி மேலே வரும் என்றெல்லாம் சொன்னாள். பிரதாப் தன் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். குப்பத்து ஆட்கள் தாங்கள் உதறிப்போட்டதையெல்லாம் இப்போது எட்டி எட்டிப் பார்த்தார்கள். செவ்வந்தி அசையவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திரும்புவதை எண்ணிக்கொண்டிருந்தாள்.

தாமோதரன் அண்ணன் பார்த்தது தன் கைக்கடிகாரத்தை மட்டும்தான். மகளுக்கு அரை நிமிடம் கூடக் கொடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அது ஒன்றுதான் அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பூவிழி கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "இதையெல்லாம்" என்று ஆரம்பித்தாள்.

மணி அடித்தது.

ஐஸ் வண்டி மணிக்கு அவ்வளவு சத்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பூவிழி தகப்பனைப் பார்த்தாள். குப்பத்தில் பிறந்த பெண்; நேரம் முடிந்தால் வலையை எடுத்துவிட வேண்டும் என்று தெரியும். தாளை மடித்தாள். "நன்றி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

பிரதாப்பே எழுந்தார். "முடிச்சிடட்டும் சார், ஒரு வரிதான் பாக்கி போல."

"அவங்க நேரம் முடிஞ்சிடுச்சி" என்றார் அண்ணன்.

செவ்வந்தி எழுந்தாள். யாரையும் பார்க்கவில்லை. புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு நடுவழியாக நடந்து வெளியே போனாள். ஏதோ டீ குடிக்கப் போகிறவள் மாதிரி.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பூவிழியின் கையிலிருந்து அந்தக் கடைசித் தாளைப் பிடுங்கிக்கொண்டு மேடைக்குப் போனேன். "இதைப் படிங்கண்ணே. நீங்க மணி அடிச்சது யாரு பேர் மேலன்னு பாருங்க."

அவருக்கு வாசிப்பது மெதுவாகத்தான் வரும். உதடு அசைய அசைய வாசித்தார். முடித்ததும் காலியாக இருந்த முன்வரிசை நாற்காலியைப் பார்த்தார். பிறகு மைக்கின் பக்கம் போனார். அவர் அடுத்த பேச்சாளரைக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்துச் சந்தியா ஓரமாக நகர்ந்தாள்.

"இது அவ நேரம் இல்ல" என்றார். "மணி அடிக்கிறவனுக்கு ஒரு நிமிசம் இருக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. இது என் நேரம். இந்த மேஜை மேல கீற சாமான் எல்லாம் நாங்க வேணாம்னு உதறிட்டுப் போனது. உதறினதைப் பொறுக்கி, கழுவி, இருவத்திரெண்டு வருசம் வெச்சிருந்தது கோட்டைக்குப்பம் செவ்வந்தி. என் சம்சாரம். நான் ஒரு நாள்கூட அதை இன்னா ஏதுன்னு கேட்டதில்ல. அது என் தப்பு."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்தது பேராசிரியர் பிரதாப். இருவது நிமிசம்."

முதலில் கைதட்டியது யார் என்று தெரியவில்லை. பூவரசன் என்றுதான் நினைக்கிறேன்.

நான் வெளியே ஓடினேன். மண்டபத்து வாசலில் கட்டியிருந்த ஒலிபெருக்கி மீன் மார்க்கெட் வரைக்கும் கேட்கும். அதன் அடியில்தான் செவ்வந்தி நின்றிருந்தாள், கையில் டீ டம்ளரோடு. டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. கண் இரண்டும் ஈரம்.

"கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன்கா" என்றாள். ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தாள். "கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து என்னை 'இந்தா'ன்னுதான் கூப்டுது. அதுக்கு என் பேரு தெரியும்னே எனக்கு இன்னிக்குதான் தெரியும்."