சின்னம்மாவுக்குக் கிடைக்காத செப்டம்பர்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை, கனடாவில் எங்கள் அஜக்ஸ் வீட்டில் அவருடைய அலுமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். சேலைகளுக்குப் பின்னால், ஒரு பழைய தலையணை உறைக்குள், தோலாலான கையுறை ஒன்று இருந்தது. இடது கைக்கானது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பந்து விழுந்து தங்குகிற வலை. மணிக்கட்டுப் பட்டியில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் பெயர் பாதி அழிந்து கிடந்தது. கண்டவுடன் தெரிந்துவிட்டது, அது என் சின்னம்மாவின் கையுறை. எத்தனையோ வருடங்களுக்கு முன்பே அது குப்பையோடு போய்விட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சின்னம்மா என் அம்மாவின் கடைசித் தங்கை. தொண்ணூறுகளின் நடுவில், நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, கொழும்பில் வருடக்கணக்காகக் காத்திருந்துவிட்டு ஸ்காபரோவில் எங்களிடம் வந்து சேர்ந்தார். அந்த அடுக்குமாடி வீட்டில் எனக்கும் அவருக்கும் ஒரே அறை. ஊரில் பள்ளிக்கூட எல்லே அணியில் ஆடியவர். எல்லே என்றால் தடியால் பந்தை அடித்துவிட்டு மூலைக்கு மூலை ஓடுகிற விளையாட்டு. கட்டடத்துக்குப் பின்னால் இருந்த பூங்காவில் பெண்கள் சொஃப்ட்போல் ஆடுவதைப் பல்கனியில் நின்று முதல் தடவை பார்த்தவர், "எடியே, உது எங்கடை எல்லேயெல்லோ!" என்று கத்தியதில் என் கையிலிருந்த பால் சிந்திப்போனது. அடுத்த சனிக்கிழமையே அயலில் யாரோ பழைய சாமான் விற்ற இடத்தில் அந்தக் கையுறையை வாங்கிவந்தார். தோல் விறைத்துப்போயிருந்தது. அதற்கென்று தனியாக எண்ணெய் விற்பது எங்களுக்கு எங்கே தெரியும்? தேங்காய் எண்ணெயைப் பூசிப் பூசிப் பிசைந்தார். "தலைக்கு வைக்கிற எண்ணெயை ஆரும் செருப்புத் தோலுக்குப் பூசுவினமே?" என்று அம்மா ஏசுவார். எங்கள் அறை முழுக்க ஒரே எண்ணெய் மணம்.

விட்ட படிப்பை முடிக்கப் போன உயர்பள்ளியில் அவரை அணியில் சேர்க்கவில்லை. வயது தாண்டிவிட்டதாம். சண்டையும் கொழும்பும் தின்ற வருடங்களை எந்த விதியும் கழித்துத் தருவதில்லை. ஆனால் பூங்காவில் ஆடிய பெண்கள் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி ஒரு கல்லூரி அணியின் பயிற்சியாளர். கல்லூரியில் வயதைப் பார்ப்பதில்லை, செப்டம்பரில் முழுநேர மாணவியாக இருந்தால் போதும், இடம் உனக்குத்தான் என்று அவள் சொல்லிவிட்டாள். போட்டிகள் எல்லாம் செப்டம்பரிலும் ஒக்ரோபரிலும் முடிந்துவிடும். சின்னம்மா இரண்டு வருடப் படிப்பு ஒன்றுக்கு விண்ணப்பித்தார், இடமும் கிடைத்தது. அந்தக் கோடை முழுக்க அவர் நடந்ததை நான் பார்க்கவில்லை, எங்கும் ஓட்டம்தான்.

ஓகஸ்ட் முடிகிற நேரம் லண்டனிலிருந்து போன் வந்தது. அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் பெரியப்பா, அவர்கள் தகப்பனின் தமையன், வன்னியில் செத்துப்போனார். அம்மா கலியாணம் கட்டி வேறு குடும்பத்துக்குப் போனவர், அவருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கலியாணம் கட்டாத சின்னம்மாவுக்குத்தான் முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. துடக்கு நாளில் நல்ல காரியம் எதையும் தொடங்குவதில்லை. கல்லூரியில் சேருகிற நாள் அதற்குள் விழுந்தது.

"துடக்கோடை போய்ப் படிப்பைத் தொடங்கி, நாளைக்கு ஏதும் எண்டால் ஆர் பதில் சொல்லுறது?" என்றார் அம்மா.

"பந்து அடிக்கிறது செப்டம்பரிலைதான் அக்கா."

"பந்து எங்கையும் ஓடிப் போகாது. தையிலையும் சேரலாம் எண்டு அவங்களே சொல்லுறாங்கள். தையிலை சேர்."

தாய் தகப்பன் இல்லாத இடத்தில் அக்காதான் எல்லாம். சின்னம்மா தையில் சேர்ந்தார்.

பந்து ஓடித்தான் போனது. செப்டம்பரில் சேர்ந்தவர்களுக்கு இரண்டு இலையுதிர்காலம் வகுப்பில் கழியும். தையில் சேர்ந்தவர்களுக்குக் கோடையிலும் வகுப்பு வைத்துச் சீக்கிரம் முடித்து அனுப்பிவிடுவார்கள். இடையில் வருவது ஒரேயொரு செப்டம்பர், அதையும் வேலைப் பயிற்சிக்கு ஒதுக்கியிருந்தார்கள். வேலைப் பயிற்சியில் இருப்பவர் முழுநேர மாணவியாகக் கணக்கில் வரமாட்டார். பயிற்சியாளர் எங்கெல்லாமோ கேட்டுப் பார்த்தாளாம். விதி விதிதான் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செப்டம்பரில் சின்னம்மா பிக்கரிங்கில் ஒரு கந்தோரில் கோப்பு அடுக்கினார். வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பல்கனியில் போய் நிற்பார். நான் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். எனக்குப் பயமாக இருக்கும்.

அந்த மாரிக்குளிரில் ஊரிலிருந்து ஒரு அன்ரி வந்து சேர்ந்தார். பெரியப்பாவோடு கடைசி வரைக்கும் வன்னியில் ஒரே கொட்டிலில் இருந்தவர். எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா அந்தச் சாவைப் பற்றிக் கேட்டார்.

"அவர் போன வருசம் சித்திரையிலையே போயிட்டார் பிள்ளை. பனிச்சை மரத்தடியிலை வைச்சு நாங்கள்தான் எரிச்சனாங்கள்," என்றார் அன்ரி.

சண்டைக்குள் கிடந்த வன்னியில் போன் இல்லை. வவுனியா, கொழும்பு, லண்டன் என்று வாய்மாறி வந்த செய்தியை, கேட்டவர் எல்லோரும் நேற்று நடந்ததுபோலவே அடுத்தவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எப்போது செத்தார் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. ஓகஸ்டில் போன் வந்தபோது அந்த முப்பத்தொரு நாளும் எப்போதோ கழிந்திருந்தது. துடக்கு நாள் கழிந்த பிறகு வருகிற செய்திக்குத் தலைமுழுகினால் போதும். அது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அம்மாவின் கை சோற்றிலேயே நின்றது. சின்னம்மா எழுந்துபோய்க் கை கழுவினார். பிறகு அறைக்குள் போய்க் கையுறையை எடுத்துவந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் குசினிக் குப்பைப் பைக்குள் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பிறகு அந்த வீட்டில் பந்து என்ற பேச்சே எழவில்லை. படித்தார், கலியாணம் கட்டினார், விட்பியில் வீடு வாங்கிப் போனார். அம்மாவோடு கடைசி வரை நல்லமாதிரித்தான் இருந்தார். ஆனால் முன்போல அக்காவோடு சண்டை பிடிக்கவேயில்லை. அம்மாவுக்கு அதுதான் பெரிய தண்டனை என்று இப்போது நினைக்கிறேன்.

கீழே குசினியில் நின்ற சின்னம்மாவைக் கூப்பிட்டேன். மூச்சு வாங்க ஏறிவந்தவர் கையுறையைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து அதை வாங்கி மடக்கிப் பார்த்தார். எங்கும் வெடிப்பில்லை. அவரது இழுப்புக்கெல்லாம் மெத்தென்று வளைந்தது. மூக்கடியில் பிடித்தார். அந்தப் பழைய மணம் எனக்கே வந்தது. தலையணை உறை முழுக்க எண்ணெய்க் கறை, பழைய கறைக்கு மேல் புதுக் கறை.

"அக்கா இவ்வளவு வருசமும் நெடுகப் பூசியிருக்கிறா," என்றார்.

என்னால் அழாமல் இருக்க முடியவில்லை. சின்னம்மா அழவில்லை. இடது கையை உள்ளே விட்டார், விரல்கள் பருத்துவிட்டதால் பாதிதான் போனது. அப்படியே வைத்துக்கொண்டு சேலைகளைப் பார்த்து, "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அக்கா," என்றார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"பிள்ளை, கொம்மாவின்ரை தேங்காய் எண்ணெய்ப் போத்தல் எங்கை?"

கட்டிலடி மேசையில் பாதியில் நின்ற போத்தலை எடுத்துக் கொடுத்தேன்.